ஆல்தியா கிப்சனுக்குச் சேராத கூலி

1. கேள்வி

1958 செப்டம்பரில் நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் மைதானத்தில் ஆல்தியா கிப்சன், டார்லீன் ஹார்டை 3-6, 6-1, 6-2 என்று வென்று அமெரிக்கத் தேசியப் பட்டத்தை இரண்டாம் முறையாகப் பெற்றார். இரண்டு மாதங்களுக்கு முன்புதான் விம்பிள்டனில் ஏஞ்சலா மார்ட்டிமரை 8-6, 6-2 என்று வீழ்த்தி அங்கும் தன் பட்டத்தைத் தக்கவைத்திருந்தார். 1957, 1958 ஆகிய இரு ஆண்டுகளிலும் இவ்விரண்டு பட்டங்களும் அவரிடமே இருந்தன. அமெரிக்காவின் சிறந்த விளையாட்டு வீராங்கனையாக அசோசியேட்டட் பிரஸ் இரண்டு ஆண்டுகளும் அவரையே தேர்ந்தெடுத்தது. அப்போது அவருக்கு வயது 31. அந்த வெற்றியோடு தான் ஆட்டத்திலிருந்து ஒதுங்குவதாக அறிவித்தார். முதலில் ஓராண்டு விடுப்பு என்றுதான் பேச்சு. ஆனால் அமெச்சூர் ஆட்டத்துக்கு அவர் திரும்பவே இல்லை.

உலகின் முதல் நிலையில் இருந்த ஒருவர், தோற்கடிக்க ஆளில்லாத காலத்தில், காயம் ஏதும் இல்லாமல் ஏன் விலக வேண்டும்? டென்னிஸ் வரலாற்று நூல்கள் இந்தக் கேள்வியை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. கிராண்ட் ஸ்லாம் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவர் என்ற பெருமை மற்றெல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது. அந்தப் பெருமை உண்மையானது. ஆனால் அவருடைய வாழ்க்கையை நிறவெறித் தடை ஒன்றை மட்டும் கொண்டு விளக்க முடியாது என்பது இக்கட்டுரையின் வாதம். அவருக்கு முன் இரண்டு சுவர்கள் நின்றன. ஒன்று நிறத்தின் சுவர். மற்றது ஆட்டக்காரரின் உழைப்புக்கு ஊதியம் தரக் கூடாது என்ற அமெச்சூர் விதி. முதல் சுவரை அவர் தகர்த்த கதை பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டாவது சுவர் அவரிடமிருந்து எதையெல்லாம் பறித்தது என்பதும், இரண்டும் எங்கே ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதும் போதிய கவனம் பெறவில்லை.

2. இதுவரையான விளக்கங்கள்

கிப்சனைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மூன்று போக்குகளைக் காணலாம். அவரைத் தடையுடைத்த முன்னோடியாகப் போற்றுவது முதல் போக்கு. பேஸ்பாலில் ஜாக்கி ராபின்சன் செய்ததை டென்னிஸில் செய்தவர் என்று இது அவரை வரிசைப்படுத்துகிறது. பத்தாண்டு முந்திப் பிறந்துவிட்டதால் பணத்தைத் தவறவிட்ட துர்பாக்கியசாலி என்று இரங்குவது இரண்டாவது. மூன்றாவது போக்கு அவர் வாழ்ந்த காலத்திலேயே கறுப்பினப் பத்திரிகைகளில் தொடங்கியது. அவர் யாரோடும் ஒட்டாதவர், தலைக்கனம் பிடித்தவர், தன் இனத்துக்காகக் குரல் கொடுக்காதவர் என்பது அதன் குற்றச்சாட்டு.

2004 முதல் வெளிவந்த வரலாறுகள் இந்தச் சித்திரத்தைச் செறிவாக்கியிருக்கின்றன. ஃபிரான்சிஸ் கிளேட்டன் கிரேயும் யானிக் ரைஸ் லாம்பும் சேர்ந்து எழுதிய வாழ்க்கை வரலாறு அவருடைய பிற்கால வறுமையையும் தனிமையையும் நெருங்கிப் பார்க்கிறது. புரூஸ் ஷோன்ஃபெல்டின் நூல், பிரிட்டிஷ் யூத வீராங்கனை ஏஞ்சலா பக்ஸ்டனோடு கிப்சனுக்கு இருந்த நட்பை மையமாக்கியது. 2023இல் ஆஷ்லி பிரவுன், சாலி ஜேக்கப்ஸ் இருவரும் விரிவான வரலாறுகளை எழுதினார்கள். இவர்களுள் பிரவுனின் அணுகுமுறை எனக்கு மிகவும் உதவியது. கிப்சனை இனத்தின் பிரதிநிதியாக மட்டும் பார்க்காமல், தன் வாழ்க்கையைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ள முயன்ற தனிப்பெண்ணாக அவர் பார்க்கிறார்.

கிப்சன் தானே எழுதியவற்றைப் பயன்படுத்துவதில் ஓர் எச்சரிக்கை தேவை. 1958இல் எட் ஃபிட்ஸ்ஜெரால்டின் துணையோடு வெளியான முதல் தன்வரலாறு, அவர் இன்னும் அமெச்சூர் சங்கங்களின் அதிகாரத்துக்குள் இருந்தபோது உருவானது. அதில் சங்கங்களைப் பற்றிய தொனி மரியாதையானது. 1968இல் ரிச்சர்ட் கர்ட்டிஸோடு சேர்ந்து எழுதிய இரண்டாவது நூலில் பணம் பற்றிய பேச்சு வெளிப்படையாகிறது. தன் வெற்றிகள் நிறத் தடைகளை ஒழித்துவிட்டதாக நம்பியது அப்பாவித்தனம் என்று அவர் அங்கேதான் ஒப்புக்கொள்கிறார். இடைப்பட்ட பத்தாண்டுகளில் அவர் கற்ற பாடத்தின் தடயமாகவே அந்த வேறுபாட்டை நான் வாசிக்கிறேன்.

3. அவரை உருவாக்கியவர்கள்

கிப்சன் 1927 ஆகஸ்ட் 25 அன்று தென் கரோலினாவின் கிளாரண்டன் மாவட்டத்தில் சில்வர் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் நிலத்தை வாரத்துக்கு எடுத்துப் பருத்தி பயிரிட்ட குடியானவர்கள். இந்த மாவட்டம் வேறொரு காரணத்துக்காகவும் நினைவில் கொள்ளத்தக்கது. பள்ளிகளில் நிறப்பாகுபாடு சட்டவிரோதம் என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததற்கு அடிப்படையான ஐந்து வழக்குகளில் ஒன்று இங்கிருந்துதான் எழுந்தது. விளைச்சல் பொய்த்துப்போன குடும்பம் 1930 வாக்கில் நியூயார்க்கின் ஹார்லெமுக்குக் குடிபெயர்ந்தது.

அவர்கள் குடியிருந்த மேற்கு 143ஆம் தெரு, காவல்துறையின் விளையாட்டுக் கழகத்தால் பகலில் வண்டிகள் வராமல் மூடப்பட்டுக் குழந்தைகள் விளையாட விடப்பட்ட தெருக்களில் ஒன்று. மரப்பலகை மட்டையால் சிறிய ஆடுகளத்தில் ஆடும் பேடில் டென்னிஸில் 1939இல், 12 வயதில், நகர மகளிர் பட்டத்தை கிப்சன் வென்றார். பள்ளிக்கு மட்டம் போட்டுத் திரிந்த பெண் அவர். தந்தையின் அடிக்கு அஞ்சி வீட்டை விட்டு ஓடிக் குழந்தைகள் காப்பகத்தில் தங்கியதும் உண்டு. அவருடைய ஆட்டத்தைக் கண்ட பட்டி வாக்கர் என்ற இசைக்கலைஞர் அவருக்கு முறையான மட்டையை அறிமுகம் செய்தார். ஹார்லெமின் வசதியான கறுப்பினக் குடும்பங்கள் கூடிய காஸ்மோபாலிடன் டென்னிஸ் கிளப்பின் உறுப்பினர்கள் அவருக்காகப் பணம் போட்டார்கள். ஒரு கையை இழந்த பயிற்சியாளரான ஃபிரெட் ஜான்சன் கற்றுக்கொடுத்தார்.

அடுத்த கட்டம்தான் முக்கியமானது. வெள்ளையர் சங்கங்கள் கதவடைத்ததால் கறுப்பின ஆட்டக்காரர்கள் 1916இல் தமக்கென அமெரிக்கன் டென்னிஸ் அசோசியேஷன் என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். இதைச் சுருக்கமாக ஏ.டி.ஏ. என்பேன். 1946இல் அதன் மகளிர் இறுதியாட்டத்தில் கிப்சன் தோற்றார். பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மருத்துவர்கள், வட கரோலினா வில்மிங்டனைச் சேர்ந்த ஹியூபர்ட் ஈட்டனும் வர்ஜீனியா லிஞ்ச்பர்கைச் சேர்ந்த ராபர்ட் வால்டர் ஜான்சனும், தோல்வியைப் பொருட்படுத்தாமல் ஒரு திட்டம் வகுத்தார்கள். பள்ளி நாட்களில் ஈட்டன் வீட்டில் தங்கி, விட்டுப்போன உயர்நிலைக் கல்வியை முடிக்க வேண்டும்; அவர் வீட்டுக்குச் சொந்தமான ஆடுகளத்தில் பழக வேண்டும். கோடையில் ஜான்சனோடு பயணம் செய்து போட்டிகளில் ஆட வேண்டும். பிற்காலத்தில் டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷை உருவாக்கியவரும் இதே ஜான்சன்தான். 1947 முதல் 1956 வரை தொடர்ந்து பத்து ஆண்டுகள் ஏ.டி.ஏ. மகளிர் பட்டம் கிப்சனுக்கே. 1949இல் ஃபுளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் உதவித்தொகையோடு இடம் தந்தது.

இந்த மருத்துவர்களின் தயாளத்தைப் போற்றாமல் இருக்க முடியாது. ஆனால் அதில் ஓர் எதிர்பார்ப்பும் இருந்தது. வெள்ளையரின் கிளப்புக்குள் நுழையும் முதல் கறுப்பினப் பெண் குறை சொல்ல இடமில்லாதவளாக இருக்க வேண்டும். உடை, பேச்சு, உண்ணும் முறை, தோற்றபின் காட்டும் முகம் எல்லாம் பயிற்சிக்குள் அடங்கின. தெருவில் வளர்ந்து, பில்லியர்ட்ஸ் கூடங்களிலும் பௌலிங் அரங்குகளிலும் இளமையைக் கழித்த கிப்சனுக்கு இது ஆடுகளப் பயிற்சியைவிடக் கடினமாக இருந்தது. தன் உழைப்பால் வரும் பலனுக்கு முன்கூட்டியே உரிமையாளர்கள் பலர் இருப்பதை அவர் இருபது வயதிலேயே உணர்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

4. எழுதாத விதி

வெள்ளையர்களின் அமைப்பான அமெரிக்க லான் டென்னிஸ் சங்கம் (யு.எஸ்.எல்.டி.ஏ.), 1929இல் ரெஜினால்ட் வீயர், ஜெரால்ட் நார்மன் என்ற இரண்டு கறுப்பின இளைஞர்களைத் தேசிய இளையோர் உள்ளரங்கப் போட்டியில் ஆடவிடாமல் தடுத்தது. அதன்பின் தடை வேறு வடிவில் இயங்கியது. ஃபாரஸ்ட் ஹில்ஸில் ஆட வேண்டுமானால் கோடையில் நடக்கும் புல்தரைப் போட்டிகளில் ஆடித் தகுதி காட்டியிருக்க வேண்டும். அப்போட்டிகளை நடத்தியவை தனியார் கிளப்புகள். யாரை அழைப்பது என்பது கிளப்பின் சொந்த விஷயம். எந்தச் சட்டப் புத்தகத்திலும் நிறம் குறிப்பிடப்படவில்லை. ஆயினும் ஒரு கறுப்பினத்தவர்கூட உள்ளே வர முடியவில்லை.

1950 ஜூலையில், முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள், அமெரிக்கன் லான் டென்னிஸ் இதழில் எழுதிய கட்டுரை இந்தப் பொறியமைப்பைப் பெயர் சொல்லி அம்பலப்படுத்தியது. டென்னிஸ் கண்ணியவான்களின் விளையாட்டு என்று சொல்லிக்கொள்வோர் அந்தக் கண்ணியத்தோடு நடந்துகொள்ளட்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். அக்கோடையில் நியூ ஜெர்சியில் ஒரு கிளப் கிப்சனை மறுத்தது, இன்னொன்று அழைத்தது. ஆகஸ்டில் அவர் ஃபாரஸ்ட் ஹில்ஸில் இறங்கினார். இரண்டாம் சுற்றில் எதிரே நின்றவர் விம்பிள்டன் சாம்பியன் லூயிஸ் பிரௌ. 1-6, 6-3, 7-6 என்று கிப்சன் முன்னிலையில் இருந்தபோது இடிமழை வந்து ஆட்டம் நின்றது. மின்னல் தாக்கி அரங்கின் விளிம்பில் இருந்த கல் கழுகு ஒன்று விழுந்தது. மறுநாள் சில நிமிடங்களில் 9-7 என்று செட்டும் ஆட்டமும் கைவிட்டுப்போயின. 1951இல் விம்பிள்டனில் ஆடிய முதல் கறுப்பினப் பெண்ணும் அவரே.

அதன்பின் நான்கு ஆண்டுகள் பெரிய வெற்றி ஏதும் இல்லை. 1953இல் பட்டம் பெற்று மிசோரியில் லிங்கன் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி ஆசிரியரானார். சம்பளம் போதவில்லை. டென்னிஸை விட்டு ராணுவத்தின் மகளிர் பிரிவில் சேர விண்ணப்பித்தார். தேக்கத்துக்குத் திறமையில் குறை தேடியவர்கள் பலர். ஆனால் இந்த ஆண்டுகளின் எளிய உண்மை, அவர் முழுநேரமும் ஆடுவதற்கு யாரும் ஊதியம் தரவில்லை என்பதுதான்.

5. அமெச்சூர் விதி யாருக்குச் சாதகம்

1968 வரை விம்பிள்டன் உள்ளிட்ட நான்கு பெரிய போட்டிகளும் அமெச்சூர்களுக்கு மட்டுமே. பரிசுப்பணம் கிடையாது. பயணச் செலவும் தங்கும் செலவும் சங்கம் விதித்த வரம்புக்குள் தரப்படும். மட்டையைப் பிடித்துக் காசு வாங்கியவர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிடுவார். கதவு அவருக்கு நிரந்தரமாக மூடப்படும். 1926இல் பிரெஞ்சு வீராங்கனை சூசன் லாங்லென் 50,000 டாலருக்கு ஒப்பந்தமாகி அமெரிக்காவைச் சுற்றியபோது இதுதான் நடந்தது. 1947இல் அமெரிக்க வீராங்கனை பாலின் பெட்ஸ் தொழில்முறைக்கு மாறுவது பற்றிப் பேச்சு நடத்தியதற்காகவே யு.எஸ்.எல்.டி.ஏ. அவரை இடைநீக்கம் செய்தது.

இந்த விதி எல்லோருக்கும் பொதுவாக இருந்ததே, கிப்சனுக்கு மட்டும் என்ன தனி அநீதி என்று கேட்கலாம். அந்தக் கேள்வி நியாயமானது. விடையைக் காண விதியின் எழுத்தை விட்டு அது நடைமுறையில் இயங்கிய விதத்தைப் பார்க்க வேண்டும். சொத்துள்ள குடும்பத்துப் பிள்ளைகள் சம்பளம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஆடலாம். சொத்தில்லாத நட்சத்திரங்களுக்கு மேசைக்கடியில் பணம் கைமாறும். இது அன்றைய டென்னிஸ் உலகில் யாருக்கும் ரகசியமாக இல்லை. அதோடு மறைமுகமான பலன்களும் இருந்தன. கிளப் உறுப்பினர் ஒருவரின் நிறுவனத்தில் பெயரளவுக்கு ஒரு வேலை கிடைக்கும். பணக்கார வீடுகளில் விருந்தினராகத் தங்கலாம். ஓய்வுக்குப் பின் கிளப்பின் பயிற்சியாளர் பதவி இருக்கவே இருக்கிறது. இவை எல்லாம் கிளப் என்ற சமூக உலகுக்குள் விளைந்தவை. உணவுக் கூடத்துக்குள்ளும் உடைமாற்றும் அறைக்குள்ளும் கறுப்பினத்தவரை ஏற்காத அதே உலகம்தான் அது. 1957இல் விம்பிள்டன் கோப்பையோடு நாடு திரும்பி, சில நாட்களில் சிகாகோ பக்கம் ஆடச் சென்ற கிப்சனுக்கு ஆடுகளத்துக்கு அருகிலிருந்த ஓட்டலில் அறை கிடைக்கவில்லை.

ஆக, அமெச்சூர் விதி நிறத்தைப் பற்றிப் பேசவே இல்லை என்றாலும், அதன் கடுமையைத் தணித்த ஏற்பாடுகள் அத்தனையும் நிறத்தின் பக்கம் நின்றன. பணமில்லாத ஒரு வெள்ளையின வீராங்கனைக்கு விதி தொல்லையாக இருந்தது. கிப்சனுக்கோ அது எழுத்துப்படியே, முழு இறுக்கத்தோடு அமலானது.

பெண் என்ற நிலையும் இதில் சேர்கிறது. 1950களில் ஜாக் கிராமர் நடத்திய தொழில்முறைப் பயணத்தில் ஆண்களுக்கு வருமானம் இருந்தது. 1957இல் விம்பிள்டன் வென்ற லூ ஹோட் உடனே 1,25,000 டாலர் ஒப்பந்தத்தோடு அதில் சேர்ந்தார். அதே விம்பிள்டனின் மகளிர் சாம்பியன் கிப்சன். அவருக்குச் செல்ல அப்படி ஒரு வழி இல்லை. பெண்களின் தொழில்முறை ஆட்டம் எப்போதாவது, பெரும்பாலும் ஆண்களின் காட்சிக்கு முன்னுரையாக, ஓரிரு ஆண்டுகள் நடந்து நின்றுவிடும்.

6. அரசின் தூதர்

1955இல் அமெரிக்க வெளியுறவுத் துறை நல்லெண்ணப் பயணமாக நான்கு ஆட்டக்காரர்களை ஆசியாவுக்கு அனுப்பியது. ஹாம் ரிச்சர்ட்சன், பாப் பெர்ரி, கேரல் ஃபேகெரோஸ், கிப்சன் ஆகியோர் பர்மா, இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நாடுகளில் ஆடினார்கள். காலத்தைக் கவனிக்க வேண்டும். அந்த ஆகஸ்டில்தான் மிசிசிப்பியில் எம்மட் டில் என்ற 14 வயதுச் சிறுவனை வெள்ளையர்கள் கொன்றிருந்தார்கள். அவர் பயணத்தில் இருந்த டிசம்பரில் மான்ட்கோமரியில் நிறப்பாகுபாட்டுக்கு எதிரான பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. புதிதாக விடுதலை பெற்ற ஆசிய நாடுகளில் அமெரிக்காவின் பெயர் கெட்டுக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் நாட்டில் கறுப்பினத்தவருக்கும் வாய்ப்பு உண்டு என்று காட்ட ஒரு முகம் தேவைப்பட்டது. கொழும்பிலும் டெல்லியிலும் கூடிய கூட்டம் கிப்சனைத் தம்மவர் போலவே கண்டது.

அவர் இந்தப் பயணத்தை விரும்பினார். அதை மறைக்கவும் இல்லை. தினமும் ஆட வாய்ப்பு, வேளாவேளைக்கு உணவு, போட்டிக்குப் போட்டி முன்னேற்றம். ஹார்லெமில் பயிற்சியாளர் சிட்னி லூயெல்லின் கற்றுக்கொடுத்த புதிய மட்டைப் பிடி கைக்குப் பழகியதும் இந்த மாதங்களில்தான். டெல்லியில் ஏஞ்சலா பக்ஸ்டனைச் சந்தித்தார். பயணம் முடிந்தும் நாடு திரும்பாமல் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் ஆடிய 18 போட்டிகளில் 16ஐ வென்றார். 1956 மே மாதம் பாரிஸில் மார்ட்டிமரை 6-0, 12-10 என்று வீழ்த்தி பிரெஞ்சுப் பட்டம் பெற்றார். பக்ஸ்டனோடு அங்கும் விம்பிள்டனிலும் இரட்டையர் பட்டமும் கிடைத்தது.

இங்கே ஒரு முடிவுக்கு வரலாம் என்று நினைக்கிறேன். 1951இலும் 1956இலும் ஆடியவர் ஒரே பெண். இடையில் மாறியது, சில மாதங்கள் அவரால் வேறு பிழைப்பைப் பற்றிக் கவலைப்படாமல் ஆட முடிந்ததுதான். செலவை அரசு ஏற்றவுடன் ஓராண்டுக்குள் கிராண்ட் ஸ்லாம் வந்துவிட்டது. நான்காண்டுத் தேக்கத்துக்கு மனோபாவத்தைக் காரணம் காட்டியவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

7. மௌனம் பற்றிய குற்றச்சாட்டு

1957 ஜூலையில் விம்பிள்டனில் எலிசபெத் அரசியின் கையால் கோப்பை பெற்று வந்த கிப்சனுக்கு நியூயார்க் நகரம் பிராட்வே வீதியில் காகிதத்துகள் மழை பொழிந்து ஊர்வலம் நடத்தியது. ஓட்டப்பந்தய வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்குப் பிறகு அந்த மரியாதை பெற்ற கறுப்பின அமெரிக்கர் அவரே. செப்டம்பரில் ஃபாரஸ்ட் ஹில்ஸில் அவருக்குக் கோப்பை வழங்கியவர் துணை அதிபர் ரிச்சர்ட் நிக்சன். டைம் இதழின் அட்டையில் இடம்பெற்றார்; ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் அட்டையில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணும் அவர்தான்.

அதே கோடையில் கறுப்பினப் பத்திரிகைகள் அவரைச் சாடின. பேட்டிக்கு முகம் கொடுப்பதில்லை, சமூக உரிமைப் போராட்டம் பற்றி வாய் திறப்பதில்லை என்றன. நான் இனத்தின் பிரதிநிதியாக ஆடவில்லை, ஆட்டக்காரராகவே ஆடுகிறேன் என்பது அவர் நிலை. வெற்றி இனத்துக்கு நன்மை தந்தால் மகிழ்ச்சி. அதற்காகக் கொடி பிடிக்க மாட்டேன் என்றார். லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழையப் படையின் துணை தேவைப்பட்ட ஆண்டு அது. அந்தச் சூழலில் அவருடைய மறுப்பு பலரைப் புண்படுத்தியதில் வியப்பில்லை. அந்த வருத்தத்தை நான் தள்ளுபடி செய்ய மாட்டேன்.

ஆனாலும் குற்றச்சாட்டில் ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது. அவரை உருவாக்கிய ஏ.டி.ஏ. பிரமுகர்களுக்குத் தங்கள் இனத்தின் கௌரவம் வேண்டியிருந்தது. வெளியுறவுத் துறைக்கு நாட்டின் நற்பெயர் வேண்டியிருந்தது. யு.எஸ்.எல்.டி.ஏ.வுக்கு, நாங்கள் பாகுபாடு காட்டுவதில்லை என்ற சான்று வேண்டியிருந்தது. டிக்கெட் விற்ற அரங்குகளுக்குக் கூட்டம் வேண்டியிருந்தது. எல்லோருக்கும் வேண்டியது கிடைத்தது. ஆடியவருக்குக் கோப்பைகளும் வாழ்த்துகளும் மிஞ்சின. ஜாக்கி ராபின்சனை அவருக்கு முன்மாதிரியாகக் காட்டியவர்கள், ராபின்சனுக்கு டாட்ஜர்ஸ் அணி சம்பளம் தந்தது என்பதை மறந்தார்கள். பேச மறுத்ததில் ஒரு தற்காப்பு இருக்கிறது. தன்னிடம் கேட்கப்படும் ஊதியமற்ற பணிகளின் பட்டியலில் இன்னொன்றையும் சேர்க்க அவர் விரும்பவில்லை. உயரமான, வலுவான சர்வீஸோடு வலைக்குப் பாய்ந்து ஆடிய பெண்ணை ஆண்தன்மை கொண்டவர் என்று சித்திரித்த பத்திரிகைகளை அவர் நம்பாததற்கும் காரணம் தேட வேண்டியதில்லை.

8. 1958க்குப் பின்

விலகிய பிறகு பாடுவதில் இறங்கினார். ஓர் இசைத்தட்டு வந்தது. எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடினார். பெரிதாகப் பயன் இல்லை. 1959இல் இயக்குநர் ஜான் ஃபோர்டின் தி ஹார்ஸ் சோல்ஜர்ஸ் படத்தில் அடிமைப் பணிப்பெண் வேடம். கறுப்பினத்தவரைக் கொச்சைப்படுத்தும் பேச்சுவழக்கில் எழுதப்பட்ட வசனத்தைப் பேச மாட்டேன் என்று மறுத்தார், வசனம் மாற்றப்பட்டது. இன உரிமை பற்றி வாய் திறக்காதவர் என்று பெயரெடுத்த பெண் திரைத்துறையின் பெரும்புள்ளி ஒருவரிடம் இதைச் சாதித்தார் என்பதை அவருடைய விமர்சகர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

பிறகு ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் கூடைப்பந்து அணியோடு ஊர் ஊராகச் சென்று, ஆட்டத்துக்கு முன் ஃபேகெரோஸை எதிர்த்துக் காட்சி ஆட்டம் ஆடினார். அதற்கு ஏறத்தாழ 1,00,000 டாலர் ஒப்பந்தம் என்று அன்றைய செய்திகள் கூறின. கூடைப்பந்தரங்கின் மரத்தரையில் விரித்துச் சுருட்டும் தளத்தில், வேறொன்றைக் காண வந்த கூட்டத்துக்கு முன்னால் உலக சாம்பியன் ஆடினார். அந்த ஊக்கத்தில் சொந்தமாகத் தொடங்கிய பயணம் நட்டத்தில் முடிந்து சேமிப்பைத் தின்றது. தான் எளிதாகத் தோற்கடித்த வெள்ளையின ஆட்டக்காரர்களுக்கு வாய்ப்புகள் வருவதையும் தன் வீட்டுத் தொலைபேசி ஒலிக்காததையும் அவர் கண்டார். ரொட்டி நிறுவனம் ஒன்றின் சமூகத் தொடர்பு அலுவலராக வேலை பார்த்தார்.

1964இல், 37 வயதில், மகளிர் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தில் சேர்ந்த முதல் கறுப்பினப் பெண்ணானார். 1977 வரை 171 போட்டிகளில் ஆடினார். 1970இல் ஒரு போட்டியில் இரண்டாம் இடத்துக்குச் சமநிலை பெற்றதே அவருடைய உச்சம். மொத்தப் பரிசுப்பணம் 25,000 டாலரைத் தாண்டவில்லை. சில கிளப்புகள் அவரை உள்ளே விடாததால் காரிலேயே காலணி மாற்ற வேண்டியிருந்தது. கிப்சனை ஏற்காத மைதானத்தில் போட்டி நடத்துவதில்லை என்று சங்கத்தின் போட்டி இயக்குநர் நிலையெடுத்தார். டென்னிஸ் சங்கம் எதுவும் அவருக்காக எடுக்காத நிலை அது. 1970களின் நடுவில் நியூ ஜெர்சி மாநில விளையாட்டு ஆணையரானார். நிதியும் அதிகாரமும் இல்லாத பதவி என்று கண்டு ஓராண்டில் விலகினார்.

1990களின் நடுவில் பக்கவாதத்தால் நலிந்து, வாடகைக்கும் மருந்துக்கும் வழியில்லாமல் இருந்த அவர் பக்ஸ்டனைத் தொலைபேசியில் அழைத்தார். பக்ஸ்டன் டென்னிஸ் இதழொன்றின் வழியே செய்தியைப் பரப்பியதும் பல நாடுகளிலிருந்து ரசிகர்களும் ஆட்டக்காரர்களும் பெருந்தொகை அனுப்பினார்கள். 2003 செப்டம்பர் 28 அன்று நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ஆரஞ்சில் கிப்சன் இறந்தார்.

9. பத்தாண்டு முந்திப் பிறந்தவரா

இரங்கல் குறிப்புகள் பலவும் அவர் காலத்துக்கு முந்திப் பிறந்துவிட்டார் என்றன. இந்த விளக்கம் ஆறுதலாக இருப்பதால்தான் ஐயத்துக்குரியது. காலம் தானாகக் கனிந்து எல்லாம் சரியானதாக அது சொல்கிறது. நடந்தது அப்படியில்லை. 1968இல் விம்பிள்டன் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் திறந்தபோது ஆடவர் சாம்பியன் ராட் லேவருக்கு 2,000 பவுண்டும் மகளிர் சாம்பியன் பில்லி ஜீன் கிங்குக்கு 750 பவுண்டும் தரப்பட்டன. கதவு திறந்ததும் பெண்களின் போட்டிகள் குறையத் தொடங்கின. 1970இல் டென்னிஸ் இதழாசிரியர் கிளாடிஸ் ஹெல்ட்மனின் தலைமையில் ஒன்பது வீராங்கனைகள் ஆளுக்கு ஒரு டாலர் அடையாள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, இடைநீக்க மிரட்டலை மீறி ஹூஸ்டனில் தனிப்போட்டி ஆடிய பிறகே நிலைமை மாறியது. 1973இல் அமெரிக்க ஓப்பன் சமப் பரிசு அறிவித்தது; விம்பிள்டன் 2007 வரை எடுத்துக்கொண்டது. ஊதியம் போராடிப் பெறப்பட்டது.

கிப்சன் பத்தாண்டு பிந்திப் பிறந்திருந்தால் இந்தப் பலன் அவருக்குக் கிடைத்திருக்குமா? கோல்ஃப் அனுபவம் ஐயத்தை எழுப்புகிறது. அங்கே பெண்களுக்குப் பரிசுப்பணம் இருந்தது, அமெச்சூர் விதி இல்லை, இருந்தும் நிறம் வழிமறித்தது. இதற்கு எதிராக, முப்பதைக் கடந்தபின் தீவிரமாக எடுத்துக்கொண்ட ஆட்டத்தைக் கொண்டு முடிவெடுக்கக் கூடாது என்று சொல்லலாம். அதில் வலு உண்டு. உச்சத்தில் இருக்கும் ஆட்டக்காரரைப் போட்டி அமைப்பாளர்களால் ஒதுக்க முடியாது, ஆகவே டென்னிஸில் அவருக்குப் பரிசுப்பணம் வந்தே இருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். விளம்பரமும் பயிற்சியாளர் பதவியும் வந்திருக்கும் என்று சொல்லத் துணியவில்லை. அவருக்குப் பின் ஒரு கறுப்பின அமெரிக்கப் பெண் ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் வெல்ல 1999இல் செரீனா வில்லியம்ஸ் வரை 41 ஆண்டுகள் ஆயின. பணம் புழங்கத் தொடங்கியதால் மட்டும் கதவு அகலவில்லை என்பதற்கு இந்த இடைவெளியே சான்று.

1971ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால் ஒப்பீடு துலங்கும். பதின்மூன்று வயதில் லாஸ் ஏஞ்சலிஸில் கிப்சனின் ஆட்டத்தைப் பார்த்து வியந்து, உலகின் முதல் ஆட்டக்காரர் எப்படியிருப்பார் என்று அறிந்துகொண்ட பில்லி ஜீன் கிங், அந்த ஆண்டில் பரிசுப்பணமாக மட்டும் 1,00,000 டாலரைத் தாண்டிய முதல் விளையாட்டு வீராங்கனையானார். அதிபர் நிக்சன் தொலைபேசியில் வாழ்த்தினார். அதே ஆண்டு டென்னிஸ் புகழரங்கம் கிப்சனைச் சேர்த்துக்கொண்டது. அந்த ஆண்டு அவருக்கு வயது 44 ஆனது. கோல்ஃப் மைதானங்களில் சில நூறு டாலர் பரிசுகளுக்காக அவர் அப்போதும் ஆடிக்கொண்டிருந்தார்.